லீக் ஆனா கிளார்க்குக்கு மெமோ, சொல்லிக் குடுக்கத்தான் ஆளக் காணோம்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை பத்தின ஒரு ரகசிய லெட்டர் முந்தின நாளே வெளிய சுத்துனதா நீங்க செய்தி போட்டிருந்தீங்க. அதப் படிச்சிட்டு ஒரு வாசகர் 'அரசு ஊழியர்களுக்கு பொறுப்பே கிடையாது, நாலு பேரை உள்ள தூக்கி வச்சா எல்லாம் சரியாயிரும்'னு எழுதியிருந்தார். நான் வருவாய்த்துறையில இருந்து ரிட்டையர் ஆனவ, ராம்நாடு, திருவாடானை, ராமேஸ்வரம்னு இந்த மாவட்டத்துக்குள்ளயே சுத்திச் சுத்தி வேலை பாத்து கடைசியில சூப்பரின்டென்டன்டா வெளிய வந்தேன். அவர் கோவம் எனக்கு புரியுது, ஆனா அந்த லெட்டர் எப்படி வெளிய போயிருக்கும்னு அவருக்குத் தெரியலன்னு நினைக்கிறேன், அதான் எழுதுறேன்.

இது எந்த உளவாளியும் பண்ற வேலை இல்லைங்க. மேல இருந்து மெயில்ல லெட்டர் வருது, அத திறக்குறது கான்ட்ராக்ட்ல இருக்குற கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பொண்ணு. பிரிண்டர்ல டோனர் இல்ல. அதிகாரி ஃபீல்டுல இருக்காரு, போன் போட்டா 'வாட்சப்ல அனுப்பிரும்மா'ங்குறாரு, அந்தப் பொண்ணும் தன் சொந்த போன்ல ஸ்கிரீன போட்டோ எடுத்து அனுப்புது. அதிகாரி அத அப்படியே வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ.க்கு தட்டி விடுறாரு, ஆர்.ஐ. வி.ஏ.ஓ. குரூப்ல போடுறாரு, அந்த குரூப்ல பாத்தீங்கன்னா ட்ரான்ஸ்ஃபர்ல வேற தாலுகா போனவங்க, என்னை மாதிரி ரிட்டையர் ஆனவங்க எல்லாரும் இன்னும் உக்காந்திருக்கோம், யாரும் எடுத்து விடலை. அதுல ஒருத்தர் மச்சான் விசைப்படகு வச்சிருக்காரு, 'நாளைக்கு தொழிலுக்கு போகும்போது டோக்கன், அடையாள அட்டை எல்லாம் கையில வச்சுக்கோ, செக்கிங் ஜாஸ்தியா இருக்கும்'னு நல்ல எண்ணத்துலதான் அனுப்புறாரு. ராத்திரி எட்டு மணிக்கு எங்க பக்கத்து வீட்டுக்காரங்க எனக்கே அத ஃபார்வர்டு பண்ணி 'மைனி, நாளைக்கு போலீஸ்காரங்க தீவிரவாதி வேஷத்துல கடல் வழியா வர்றாங்களாம், பாத்தா பயந்துறாதீங்க'ன்னு போட்டிருந்தாங்க. சிரிப்பு வந்துச்சு, அப்புறம் வரல.

ஏன்னா அந்த ஒத்திகையே எதுக்கு நடக்குது? 2008 நவம்பர் 26 மும்பைக்கு வந்தவனுங்க கடல் வழியாத்தான் வந்தானுங்க, குஜராத் மீன்பிடி படகு ஒண்ண கடத்தி அதுல. அதுக்கு அப்புறம்தான் 'சாகர் கவாச்'னு பேர் வச்சு, நேவி, கோஸ்ட் கார்டு, நம்ம கடலோரப் பாதுகாப்பு குழும போலீஸ் எல்லாம் சேந்து இந்த ஒத்திகைய நடத்திட்டு வர்றாங்க, ஒரு டீம் மாறுவேஷத்துல உள்ள வரப் பாக்கும், இன்னொரு டீம் மடக்கணும். எந்த இடத்துல எப்ப வருவாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சுட்டா அதுக்கு பேரு ஒத்திகையா, நாடகமா? தேவிபட்டினத்துல ஆள் அசந்து நிக்கிறாங்களா, தொண்டியில ரோந்து படகு ஓடுதாங்குற உண்மை யாருக்குமே தெரியாம போயிருது. எல்லாரும் அன்னைக்கு மட்டும் யூனிஃபார்ம அயர்ன் பண்ணி போட்டுட்டு நிப்பாங்க.

வெளியூர்க்காரங்களுக்கு ராமநாதபுரம்னா ராமேஸ்வரம் கோயில், தனுஷ்கோடி, பாம்பன் பாலம். இங்க இருக்குறவங்களுக்குத்தான் தெரியும் இந்த கரை எப்படிப்பட்ட இடம்னு. உச்சிப்புளியில ஐ.என்.எஸ். பருந்து, 2009-ல இருந்து அந்த பேர்ல இயங்குற கடற்படை விமான தளம், ஹெலிகாப்டரும் ஆளில்லா விமானமும் அங்க இருந்து பறக்குது. மண்டபத்துல கோஸ்ட் கார்டு. அந்தப் பக்கம் தலைமன்னார். மண்டபம் முகாம்ல இலங்கையில இருந்து வந்த குடும்பங்களோட பதிவேடு, யார் எப்ப வந்தாங்க, சொந்தக்காரங்க அங்கிட்டு யார் இருக்காங்கன்னு எல்லாம் எழுதியிருக்கும். கடல் அட்டை, தங்கம், பீடி இலைன்னு கடத்தல் தகவல் குடுக்குற ஆளோட பேர் ஏதோ ஒரு ஃபைல்ல இருக்கும், அது வெளிய போச்சுன்னா அந்த ஆளு ராத்திரி கடல்ல தனியா இருக்குறவர், அத யோசிச்சுப் பாருங்க. 2025 ஏப்ரல் 6 பிரதமர் பாம்பன் புதுப் பாலம் திறக்க வந்தாரே, அந்த மாதிரி நேரத்துல எத்தனை துறை ஊழியர் கைக்கு டூட்டி சார்ட்டும் நிமிஷக் கணக்கு ப்ரோக்ராமும் வருது, சாப்பாடு, தண்ணி, ஜெனரேட்டர்க்காரர் வரைக்கும். அரசு ரகசியம்னா டெல்லியில பீரோவுக்குள்ள இருக்குற ஏவுகணை ப்ளான் மட்டும்னு நினைக்கிறோம், நம்ம தாலுகாவுல அது ஒரு பென்ச் மேல கிடக்குது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாதி ஊழியருக்கு தெரியாதுங்குறதுதான் என் ஆதங்கம். 1923-ல வெள்ளைக்காரன் போட்ட அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் அமல்லதான் இருக்கு. அதுல அஞ்சாவது பிரிவு, வித்தாத்தான் குத்தம்னு சொல்லலைங்க, கையில இருக்குற ஆவணத்தை ஒழுங்கா ஜாக்கிரதையா வச்சுக்காம விட்டாலே குத்தம்னு சொல்லுது, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். உளவு பாத்தா, அதுவும் ராணுவ விஷயம்னா, மூணாவது பிரிவுல 14 வருஷம் வரைக்கும் போகும். இன்னொண்ணு, அந்த அஞ்சாவது பிரிவு பெர்மனென்ட் ஆளுக்கு மட்டும் இல்ல. அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டவருக்கும், அந்த ஒப்பந்தக்காரர்கிட்ட வேலை பாக்குறவருக்கும், முன்னாடி வேலை பாத்து போனவருக்கும் பொருந்தும். அப்ப அந்த ஆபரேட்டர் பொண்ணும் உள்ள, நானும் உள்ள. பென்ஷன் வாங்கிட்டு டீக்கடையில உக்காந்து 'அந்தக் காலத்துல ஒரு ஃபைல்ல பாத்தேன் தெரியுமா'ன்னு அவுத்து விடுற நம்ம ரிட்டையர்டு சங்கத்து அண்ணன்மாரும் உள்ளதான், கோவிச்சுக்காதீங்க. இது போக 1973-ல போட்ட தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் தனியா இருக்கு, அதுல மாட்டுனா 17பி-ங்குற ஒழுங்கு நடவடிக்கை சார்ஜ் மெமோ, இன்கிரிமென்ட் கட்டு, ப்ரமோஷன் போச்சு.

வெளியில இருந்து வாங்குறவங்களும் தப்பிக்க முடியாது, ரகசியம்னு தெரிஞ்சே வாங்கி வச்சுக்கிட்டா அதுவும் அதே பிரிவுலதான் வருது. அதனால ஒரு வார்த்தை உங்களுக்கும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க ஐயா, செய்தி போட்டது உங்க வேலை, ஓட்டை இருக்குன்னு நீங்க எழுதலைன்னா வேற யார் எழுதுவா, ஆனா அந்த லெட்டரோட படத்தை முழுசா போட்டிருந்தீங்க, எந்த பாயின்ட்ல எந்த அதிகாரி, அவர் செல் நம்பர் என்னன்னு எங்க வீட்டு எட்டாங்கிளாஸ் பையன் பெருசு பண்ணி வாசிச்சு காட்டுனான். மேல பாதிய மட்டும் போட்டு மிச்சத்தை மறைச்சிருக்கலாம். ஒருதடவை வெளிய வந்துருச்சுன்னா அது ரகசியம் இல்லாம போயிராது. 2010-ல விக்கிலீக்ஸ்ங்குற இணையதளம் அமெரிக்க ரகசிய ஆவணங்கள வெளிய விட்டப்ப அமெரிக்காக்காரன் அப்படித்தான் சொன்னான், உலகமே இன்டர்நெட்ல படிச்சாலும் எங்களப் பொறுத்தவரை அது இன்னும் ரகசியம்தான், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அதைத் திறக்காதீங்கன்னு தன் ஊழியர்களுக்கு உத்தரவு போட்டான். அப்ப எனக்கு அது கிறுக்குத்தனமா பட்டுச்சு. ஆனா யோசிச்சா, உள்ள வேலை பாக்குற ஒருத்தர் 'ஆமா இது நிஜ லெட்டர்தான்'னு ஒரு கட்டை விரல் எமோஜி போட்டாலே வதந்தி ஆதாரமா மாறிருதுல்ல.

நாங்க வேலைக்கு சேந்தப்ப மந்தண தபால், அதாவது ரகசிய தபால், ரெண்டு கவர்ல வரும். உள் கவர்ல ரகசியம்னு எழுதி அரக்கு சீல் இருக்கும், வெளிக் கவர்ல வெறும் விலாசம், உள்ள என்ன இருக்குன்னு கொண்டு வர்ற ஆளுக்கே தெரியாது. பேர் போட்டு வந்தா அந்த அதிகாரிதான் பிரிக்கணும், தபால் கிளார்க் தொடக் கூடாது. தனி ரிஜிஸ்டர், தனி பீரோ, சாவி ஒருத்தர்கிட்ட. எத்தனை காப்பி எடுத்தோம், யாருக்கு போச்சு, எல்லாத்துக்கும் கையெழுத்து. டாப் சீக்ரெட், சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல், ரெஸ்ட்ரிக்டட்னு நாலு படி இருக்குன்னும், முதல் ரெண்டு படி நம்ம லெவலுக்கு அபூர்வமாத்தான் வரும்னும், கீழ் ரெண்டையும்தான் நாம அலட்சியமா விடுவோம்னும் எங்க ஹெட் கிளார்க் சொல்லிக் குடுத்தாரு. சொல்லிக் குடுக்க ஒரு ஆள் இருந்தாரு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் காலம் சொக்கத் தங்கம்னு சொல்ல வரல. 1985 ஜனவரியில டெல்லியில வெடிச்ச குமார் நாராயண் உளவு வழக்கு பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பிரதமர் ஆபீஸ் ஊழியர்களே ஃபைலை வெளிய குடுத்து ஜெராக்ஸ் போட்டுட்டு திருப்பி வச்சிருக்காங்க, அரக்கு சீல் என்னத்த காப்பாத்துச்சு? அதுல எனக்கு பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. அப்ப பிரதமரோட முதன்மைச் செயலாளரா இருந்த பி.சி. அலெக்சாண்டர் தனக்குக் கீழ இருந்தவங்க செஞ்ச காரியத்துக்கு தான் பொறுப்பு ஏத்துக்கிட்டு ராஜினாமா பண்ணிட்டு போனாரு. பின்னாடி நம்ம தமிழ்நாட்டுக்கே கவர்னரா வந்தாரே, அவர்தான். இன்னைக்கு ஒரு லெட்டர் லீக் ஆனா மெமோ யாருக்கு போகுது? 'வாட்சப்ல அனுப்பிரும்மா'ன்னு சொன்னவருக்கா, அனுப்புன பொண்ணுக்கா?

அமெரிக்காவுல 2023-ல மசாசூசெட்ஸ் ஏர் நேஷனல் கார்டுல கம்ப்யூட்டர் வேலை பாத்த 21 வயசுப் பையன் ஒருத்தன், உக்ரைன் போர் பத்தின ரகசிய பேப்பரை எல்லாம் கேம் விளையாடுற கூட்டாளிங்க குரூப்ல போட்டான், காசுக்கு இல்ல, 'நான் எவ்வளவு பெரிய ஆளு பாத்தியா'ன்னு காட்டத்தான். 15 வருஷம் ஜெயில் போட்டாங்க. ஆனா அதோட நிறுத்தல, அவன் தேவையில்லாத ஃபைலை எட்டிப் பாக்குறது தெரிஞ்சும் சரியா கண்டுக்காம விட்டாங்கன்னு அவனுக்கு மேல இருந்தவங்க உட்பட 15 பேர் மேல விமானப்படை நடவடிக்கை எடுத்துச்சு. இந்த ரெண்டாவது பாதிதான் நமக்கு வரவே மாட்டேங்குது. பெரிய ஆளுங்க மட்டும் ஒழுங்கான்னு கேட்டா, 2025 மார்ச்ல அதே அமெரிக்காவுல தேசியப் பாதுகாப்பு ஆலோசகரே வாட்சப் மாதிரி இருக்குற சிக்னல்ங்குற ஆப்புல ஒரு குரூப் ஆரம்பிச்சு, ஏமன் மேல குண்டு போடப் போற பேச்சுக்கு நடுவுல ஒரு பத்திரிகை ஆசிரியரை தெரியாம சேத்து விட்டாரு! அட்மின் பாக்காம ஆள் சேக்குறது வி.ஏ.ஓ. குரூப்ல மட்டும்தான்னு நினைச்சிட்டு இருந்தேன்.

விதி இல்லாம இல்ல. 2022 ஜூன்ல மத்திய அரசு ஊழியர்களுக்கு சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல் வந்துச்சு, ஆபீஸ் ஃபைலை கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ்ல ஏத்தாதீங்க, கேம்ஸ்கேனர் மாதிரி ஆப்புல ஸ்கேன் பண்ணாதீங்கன்னு. கேம்ஸ்கேனரையே 2020-ல சீன ஆப்புங்களோட சேத்து தடை பண்ணியாச்சு, ஆனா நம்ம பக்கத்து ஆபீஸ்கள்ல இன்னும் அந்த மாதிரி ஏதோ ஒண்ணுலதான் ஸ்கேன் ஓடுது, போய் பாருங்க. 2025 ஜனவரியில மத்திய நிதி அமைச்சகம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சாட்ஜிபிடி, டீப்சீக் மாதிரி ஏ.ஐ. ஆப் எல்லாம் உபயோகிக்காதீங்கன்னு சொல்லுச்சு. எங்க சொந்தத்துல ஒரு பையன் ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட், அவன் சொல்றான், 'சித்தி, மேல இருந்து இங்கிலீஷ்ல வர்ற லெட்டர அதுல போட்டா நிமிஷத்துல தமிழ்ல குடுத்துருது, சார் பாராட்டுறாரு'ன்னு. எந்த லெட்டர்டான்னு கேட்டேன், 'எல்லா லெட்டரும்தான்'ங்குறான். வெளிநாட்டு கம்பெனி கம்ப்யூட்டருக்கு நம்ம தபாலை தன் கையால ஊட்டி விடுறோம்னு அவனுக்கு தோணவே இல்ல, ஏன்னா அப்படி தோண வைக்க யாரும் இல்ல. இங்கிலீஷ் லெட்டருக்கு பதில் எழுத நேரம் குடுக்காம 'இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள'ன்னு கேட்டா அவன் வேற என்ன பண்ணுவான்? ஒரு ஸ்கேனர், ஒரு டோனர், ஒரு ஆபீஸ் போன் இல்லாத இடத்துல 'சொந்த போன்ல எடுக்காதே'ன்னு விதி போடுறது, துடுப்பு குடுக்காம வள்ளத்தை தள்ளி விடுற கதைதான்.

இங்க இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லன்னா என் கடிதம் அதிகாரிங்களுக்கு ரொம்ப பிடிச்சுப் போயிரும். ரகசியம்ங்குற முத்திரைய தங்கள் தப்பை மூடுறதுக்கு உபயோகிக்கிறவங்க நிறைய. மீனவர் நிவாரண பட்டியல்ல யார் பேர் விட்டுப் போச்சு, கடல் அரிப்பைத் தடுக்குற தூண்டில் வளைவு எந்த அளவுல கட்டுனாங்க, பில் எவ்வளவுன்னு கேட்டா 'கான்ஃபிடென்ஷியல்'ங்குறாங்க. என்னத்த கான்ஃபிடென்ஷியல்? 2005 தகவல் உரிமைச் சட்டம் 8-வது பிரிவு, நாட்டுப் பாதுகாப்பு கெடும்னா குடுக்க வேண்டாம்னு சொல்லுது சரி, ஆனா பொது நலன் பெருசா இருந்தா அப்பவும் குடுக்கலாம்னு அதே பிரிவுல இருக்கு. 22-வது பிரிவு, 1923 ரகசியச் சட்டத்தோட மோதுனா இந்தச் சட்டம்தான் மேலன்னே சொல்லுது. ஊழியரோட பொறுப்புன்னா மூடி வைக்கிறது மட்டும் இல்ல, எதை மூடணும் எதைக் குடுக்கணும்னு தெரிஞ்சு வச்சுக்கிறதும்தான். எல்லாத்துக்கும் முத்திரை குத்துனா முத்திரைக்கு மரியாதை போயிரும், நிஜ ரகசியம் வந்தாலும் அதே அலட்சியத்துலதான் கையாளுவாங்க.

அதே மாதிரி 'உள்ள தூக்கி வை'ங்குறதும் லேசுப்பட்ட வார்த்தை இல்ல. 1994-ல இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனை உளவாளின்னு பிடிச்சாங்க, 1996-ல சி.பி.ஐ. அது பொய்னு சொல்லிருச்சு, 2018-ல சுப்ரீம் கோர்ட் 50 லட்சம் இழப்பீடு குடுக்கச் சொன்னுச்சு. அத்தனை பெரிய மனுஷனுக்கே அந்தக் கதின்னா தினக்கூலி ஆபரேட்டருக்கு வக்கீல் பீஸ் யார் கட்டுவா?

காவல்ல இருக்க வேண்டிய பொருளை காசுக்கு விட்டா என்ன ஆகும்ங்குறதும் நம்ம மாவட்டம் நல்லாவே பாத்திருக்கு. 2019 செப்டம்பர் 1 நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 பரீட்சை, ராமேஸ்வரம் கீழக்கரை சென்டருங்க, மறையுற மை, விடைத்தாள் போற வழியில திருத்துனது, 99 பேருக்கு வாழ்நாள் தடை. அது ராணுவ ரகசியம் இல்லைதான், ஆனா பொதுமக்கள் அரசாங்கத்தை நம்பி சீல் வச்சு குடுத்த பொருள். அதுக்கப்புறம் கொஞ்ச காலம் நம்ம ஊர் பேரைச் சொன்னாலே இன்டர்வியூவுல ஒரு மாதிரி சிரிச்சாங்கன்னு பிள்ளைங்க சொன்னாங்க, நேர்மையா படிச்ச பிள்ளைங்க. அந்த மாதிரி காசுக்கு செஞ்சவனை நான் காப்பாத்த வரல, அவனை பிடிச்சு கோர்ட்ல நிறுத்துங்க. தெரியாம, அவசரத்துல, மேல உள்ளவர் சொன்னாருன்னு அனுப்புறவனையும் அவனையும் ஒரே தராசுல வைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

மாவட்ட நிர்வாகம் உங்க பேப்பரை படிக்கும்ங்குற நம்பிக்கையில கேட்டுக்கிறேன். ஒவ்வொரு ஆபீஸ்லயும் இந்த மாதிரி தபாலுக்கு ஒரு ஆள், அவருக்கு ஆபீஸ் செலவுல ஒரு கம்ப்யூட்டர், வேலை செய்யுற பிரிண்டர். அவசரம்னா தாள்ல எடுத்து ஆள் மூலமா அனுப்புங்க, ராம்நாட்டுல இருந்து மண்டபம் ஒண்ணும் லண்டன் இல்ல. ட்ரான்ஸ்ஃபர், ரிட்டையர்மென்ட் ஆனா அன்னைக்கே குரூப்ல இருந்து எடுத்துருங்க, கான்ட்ராக்ட் முடிஞ்சா மெயில் பாஸ்வேர்டை மாத்துங்க, என்னையும் அந்த குரூப்ல இருந்து தூக்குங்க, நானே வெளிய வந்தா 'அக்கா ஏன் கோவிச்சுக்கிட்டு போனீங்க'ன்னு நாலு பேர் போன் பண்றாங்க. தப்பா அனுப்பிட்டா உடனே மேல சொல்லலாம், சொன்னா தண்டனை குறையும்னு ஒரு தைரியம் குடுங்க, இப்ப என்ன நடக்குதுன்னா மெசேஜை அழிச்சிட்டு கம்முனு இருந்துறாங்க, அது அதுக்குள்ள நாப்பது பேர் போன்ல இறங்கியிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை அரை நாள் வகுப்பு வைங்க, அதுக்கு வி.ஏ.ஓ.வையும் ஆபரேட்டரையும் மட்டும் அனுப்பாம வாட்சப்ல அனுப்பச் சொல்ற அதிகாரிங்களும் வந்து முன் வரிசையில உக்காரட்டும். எது ரகசியம், எது இல்ல, யார்கிட்ட குடுக்கலாம், யார்கிட்ட கூடாதுன்னு தமிழ்ல, புரியுற தமிழ்ல, ஒரே ஒரு பக்கம் அடிச்சு வேலையில சேர்ற அன்னைக்கே கையில குடுங்க, படிச்சுக் காட்டுங்க. கையெழுத்து மட்டும் வாங்கி பீரோவுல பூட்டிறாம அந்தப் பிள்ளைங்க கையில ஒரு காப்பியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வருவாய்த்துறை ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.